இலவச வைத்தியமும் மலைநாட்டுத் தோட்டங்களும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த திருவள்ளுவர், வைத்தியத்துக்கு வேண்டிய உறுப்புக்கள் நான்கு எனக் கணக்கிட்டார். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்பனவே அவை. இந்நான்கும் ஓரிடத்தில் வந்து கூடுவதற்கு ஆகும் செலவை யார் தருவது என்ற கேள்வி அப்பெரியாருக்கு எழவில்லை போலும். எமது காலத்திலோ அதுவே முதற் கேள்வியாகிவிட்டது. வைத்தியன் இருக்கிறான், மருந்தும் இருக்கிறது, நோயாளி மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறான் என்னும் காட்சியை உலகின் பல நாடுகளில் இன்றும் காணலாம்.

மேனாடுகள் சில இக்கேள்விக்குக் காப்புறுதி என்று விடை கண்டன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் லொயிட் ஜோர்ஜ் 1911ஆம் ஆண்டிலும் இயற்றுவித்த சட்டங்களின்படி, தொழிலாளி தன் சம்பளத்தில் ஒரு பகுதியையும் முதலாளி தன் பங்கையும் பொது நிதியொன்றிற் செலுத்தினர். நோயுற்ற காலத்தில் அந்நிதி கைகொடுத்தது. சம்பளப் பட்டியலிற் பெயருள்ளவனுக்கே இம்முறை ஏற்றது. இலங்கையில் அத்தகையோர் தொகை குறைவு. வயலிலும் தோப்பிலும் கடலிலும் தம் கையை நம்பிப் பிழைத்தவரே அதிகம். ஆகவே இந்நாடு, அரசாங்கத்தின் பொது வருமானத்திலிருந்து யாவருக்கும் வைத்தியம் வழங்கும் வழியைப் பற்றியது. 1951ஆம் ஆண்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் ஒழிந்ததோடு அவ்வழி முழுமை பெற்றது என்று நூல்கள் கூறும்.

'முழுமை' என்னும் அச்சொல்லைச் சற்று நிறுத்திவைத்து ஆராய்வதே எமது நோக்கம். சம்பளப் பட்டியலிற் பெயருள்ள பெருங்கூட்டம் ஒன்று இந்நாட்டிலும் இருந்தது. அதுவே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் கூட்டம். தொழிலாளரின் வைத்தியத்தைக் குறித்து இந்நாட்டில் எழுந்த முதற் பெருஞ் சட்டம் அவர்களுக்காகவே எழுந்தது. நாட்டின் பொதுச் சுகாதார சேவை கடைசியாகச் சென்று சேர்ந்ததும் அவர்களிடமேதான். வரிசையின் தலையில் நின்றவர் வாலுக்குத் தள்ளப்பட்டது எவ்வாறு என்பதை எமது இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவர்களுட் பலர் அவ்வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய சீமைகளிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று செல்லும் அந்த வடபாதை அக்காலத்திற் பெரும்பாலும் காடு. குடிக்க நல்ல நீர் இல்லை. தங்க ஓர் அம்பலம் கிடைத்தாற் பாக்கியம். வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் வயிற்றுளைச்சலும் வழித்துணையாய் வந்தன. விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. அவ்வழியில் மாண்டோர் எத்தனை பேர் என்பது பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும், மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் வந்து விழுந்து கும்பிட்ட அந்த மக்களின் மனநிலையை நாம் ஊகிக்கலாம். அம்மை நோய்க்கும் ஆற்றமாட்டாத் துயருக்கும் அவளையன்றி வேறு வைத்தியசாலை அவர்களுக்கு இருக்கவில்லை.

இதிலே விதியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. அப்பாதை அருகு கொண்டு சென்ற மிகிந்தலையிலே, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலை ஒன்றின் அத்திவாரம் கிடக்கின்றது. நோயாளரைக் கிடத்தி மூலிகை நீராட்டுவதற்காக மனித உடலின் வடிவத்திற் குடைந்த கற்றொட்டியை இன்றும் அங்கே காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிக்குகளுக்கு வைத்தியம் நடந்த இடத்தைத் தாண்டி, ஒரு சொட்டு மருந்தின்றி மக்கள் நடந்தனர்.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அங்கே வைத்தியம் தருமத்தின் வாசலால் வந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் வந்து, மானிப்பாயில் இருந்து வைத்தியம் செய்தார். தமிழ் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். நாளடைவில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தி, அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிலே வெளிப்படுத்தினார். அவர் சமயப் பணியைப் பற்றி எமது சங்கத்தாருக்கு வேறு கருத்து இருக்கலாம். அவர் தமிழுக்குச் செய்த தொண்டைப் பற்றி இருக்க முடியாது. 1850ஆம் ஆண்டில் அரசாங்க ஏசண்டர் டைக் துரையின் முயற்சியால், 'ஆபத்தில் உதவுவோர் சங்கம்' என்று பொருள்படும் பெயருடைய சபையொன்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஆஸ்பத்திரி அமைத்தது. நன்கொடையால் நடந்த அந்த ஆஸ்பத்திரியே பின்னர் அரசாங்கத்தின் கைக்குச் சென்று பெருவளர்ச்சி பெற்றது. தருமம் பெரிது. எனினும் தருமஞ் செய்வோர் வாழும் ஊரிலேதான் தரும ஆஸ்பத்திரி எழும். காப்பிச் செடி மட்டுமே செழித்த மலைச்சரிவில் அது எழவில்லை.

தோட்டத்திலே துரையே வைத்தியர். அவருடைய பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். கொயினா, ஆமணக்கெண்ணெய், பேதி மருந்து இவ்வளவுதான் அதன் செல்வம். காலைப் பெரட்டில் நிற்க முடியாதவனுக்கு அதிலிருந்து ஒன்று கொடுக்கப்படும். வேலைக்கு வராத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டாற் கங்காணியிடம் பட்ட கடன் ஏறும். ஆகவே நோயை மறைத்து மலைக்குச் சென்றவர் பலர். இந்நிலை இந்திய அரசாங்கத்தின் காதுக்கும் எட்டியது. ஆள் வருவது நின்றுவிட்டால் தோட்டம் இல்லை என்பதை இலங்கை அரசாங்கம் உணர்ந்தது. இவ்வச்சமே, கருணையினும் பார்க்கக் கூடுதலாக, 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது என்பது எமது துணிபு.

அச்சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. தோட்டப் பகுதிகள் வைத்திய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. பயிரிட்ட நிலத்துக்கு ஏக்கர்க் கணக்கில் வரி விதித்து, அதனைக் கொண்டு வட்டார ஆஸ்பத்திரியும் வைத்தியரும் ஏற்படுத்தப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. தோட்டத் துரைமார் இதனை விரும்பவில்லை. தம்முடைய ஆட்களைத் தாமே பார்த்துக்கொள்வோம் என்றனர். சட்டம் பலமுறை திருத்தப்பட்டது. 1880களில் நில வரியை விடுத்து, ஏற்றுமதியாகும் விளைபொருள் மீது தீர்வை வாங்கும் முறை வந்தது. இதற்குள் கோப்பியை இலைநோய் அழித்துவிட, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் 1912ஆம் ஆண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் இவற்றை ஒழுங்குபடுத்தின. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளியைப் பற்றி வட்டார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல், வேண்டியபோது ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் வேலையின்றி உணவளித்தல் ஆகியன தோட்டத்தின் கடமைகளாயின. நாட்டின் மற்றைய பகுதிகளில் ஒரு கமக்காரனுக்கோ மீன்பிடிகாரனுக்கோ இத்தகைய பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கவில்லை. ஏட்டின்படி பார்த்தால், இலங்கையிலே தோட்டத் தொழிலாளியே பாக்கியசாலி.

ஏடு வேறு, மலை வேறு. தோட்டத்து ஆளை அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் நாட்களுக்குத் தோட்டம் பணம் கட்டவேண்டியிருந்தது. அதனால், நோய் முற்றி இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையிலேயே பலர் அனுப்பப்பட்டனர். இறக்கும் தறுவாயில் நோயாளரைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி வைத்தியர்கள் முறையிடுவது வழக்கமாயிற்று. மக்களோ ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று நம்பத் தலைப்பட்டனர். அந்நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று எழுதி வைத்த துரைமார் உண்டு. கண்ணால் கண்டதை நம்புவது மூடநம்பிக்கையாகுமோ?

இங்கே ஒரு சம்பவத்தை விரித்துரைத்தல் வேண்டும்; எமது பொருளுக்கு அதுவே உயிர்நிலை. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ரெயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமிலே தடுத்துவைத்து, அம்மை குத்தி, பரிசோதித்து ஆட்களை அனுப்பினர். அங்கே வாந்திபேதியைத் தடுக்க முடிந்தது. கொக்கிப்புழுவைத் தடுக்க முடியவில்லை. வெறுங்காலோடு மண்ணை மிதிக்கும் மக்களின் பாதத்தால் நுழைந்து, குடலிலே தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் அப்புழு தோட்டங்களை அரித்தது. சோகை பிடித்து, முகம் வீங்கி, மலையேற மூச்சு முட்டும் ஆட்களைச் சோம்பேறிகள் என்று கங்காணிமார் ஏசினர்.

அமெரிக்காவின் றொக்பெல்லர் ஸ்தாபனம் 1916ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து இந்நோய்க்கு எதிராகப் பணி தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது மாத்தளைத் தோட்டங்களை. லயம் லயமாகச் சென்று ஆட்களைப் பரிசோதித்து மருந்து கொடுத்தனர். புழு விழுந்தது. ஆட்கள் தெளிந்தனர். சில மாதங்களிற் பார்த்தால், தெளிந்தவர் உடலிற் புழு மறுபடியும் இருந்தது! காரணம் எளிது. மலசலகூடம் இல்லை. மண் பழைய மண்ணே. அதன்மேல் நடந்த காலும் பழைய வெறுங்காலே. மருந்து கொடுப்பதைத் துரைமார் வரவேற்றனர், அது ஆட்களை வேலைக்குத் திருப்பியதால். லயத்துக்கு லயம் மலசலகூடம் கட்டுவதென்றால் அது தோட்டத்தின் செலவு. அங்கேதான் கை சுருங்கியது.

இத்தோல்வி வீண்போகவில்லை. மருந்தினால் மட்டும் நோயை வெல்ல முடியாது. வீட்டையும் நீரையும் மண்ணையும் தாயின் அறிவையும் ஒன்றாகக் கவனிக்க வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது. அப்பாடத்தின் பயனாக 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே சுகாதாரப் பகுதி என்னும் புதிய அமைப்பு நிறுவப்பட்டது. ஒரு வைத்திய அதிகாரி, அவர் கீழ் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவச்சிமார் என்போர் நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு தேடிச் சென்றனர். ஆசியாவிலேயே இவ்வகையில் இது முன்னோடி எனப் போற்றப்படுகின்றது. இதுவே பெருகி நாடெங்கும் பரவி, இன்று நாம் அறிந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாயிற்று. சிந்திக்கற்பாலது யாதெனில், பாடம் பிறந்தது தோட்டத்து மண்ணில். பயிர் வளர்ந்தது கிராமத்து மண்ணில். தோட்டம் தனியார் நிலம், அதன் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு என்ற 1872ஆம் ஆண்டின் நியாயமே வேலியாகி நின்றது. அரசாங்க மருத்துவச்சி தோட்டத்து எல்லையிலே நின்றுவிட்டாள்.

கிராமத்துக்கு வைத்தியத்தை விரைவாகக் கொண்டுசென்ற சக்தி எது என்று கேட்டால், வாக்கு என்று ஒரு சொல்லில் விடை கூறலாம். டொனமூர் அரசியற் திட்டத்தின்படி 1931ஆம் ஆண்டிலே ஆண் பெண் யாவருக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அரசாங்க சபைக்குச் சென்ற ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு ஆஸ்பத்திரி ஒன்றோ டிஸ்பென்சரி ஒன்றோ கேட்டனர். கேட்கத் தூண்டியது 1934, 1935ஆம் ஆண்டுகளில் வந்த மலேரியாக் கொள்ளை. மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகிச் சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேரை அது வாரிக்கொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகள் பெருந்துன்பம் அடைந்தன. உயர்ந்த மலைத் தோட்டங்கள் குளிரினால் பெரும்பாலும் தப்பின. 1935ஆம் ஆண்டிற் பிறந்த 1,000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை என்பதை நினைக்க நெஞ்சு நடுங்குகின்றது. பசியும் வறுமையும் நோயின் படைவீரர் என்பதை அந்த ஆண்டு நாட்டுக்கே உணர்த்தியது.

அதே பத்தாண்டில் யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்ததையும் குறிப்பிடாமற் போகலாகாது. மூளாய்க் கிராமத்தவர் பங்குப் பணம் சேர்த்துக் கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினர். நோய் வருமுன் ஊரார் ஒன்றுசேர்ந்து பணம் வைத்து, வந்தவன் பயன்பெறும் இம்முறை, பிஸ்மார்க்கின் காப்புறுதிக்கு ஒப்பானது. மேலிருந்து வராமற் கீழிருந்து எழுந்தது என்பதே வேறுபாடு. பங்கு போடச் சிறிதேனும் கையிருப்பு உள்ள ஊருக்கே அது கைகூடும்.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டது, புதிய ஆஸ்பத்திரிகள் எழுந்தன, மருத்துவச்சிமார் பெருகினர். 1946ஆம் ஆண்டில் 1,000 பிரசவத்துக்கு 15 தாய்மாருக்கு மேல் மாண்ட நாட்டில், 1950ஆம் ஆண்டில் அத்தொகை 6க்கும் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம் உலக சரித்திரத்தில் அரிது. 1951ஆம் ஆண்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் சுகாதார சேவைகள் சட்டம் நோய் தீர்த்தலையும் நோய் தடுத்தலையும் ஒரு திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? கொரிய யுத்தத்தால் இறப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதித் தீர்வை அரசாங்க வருமானத்தின் பெருந்தூண். இலவச ஆஸ்பத்திரியின் கட்டிலும் போர்வையும் ஒரு பங்கு தேயிலைக் கொழுந்திலிருந்து வந்தன எனிற் தவறாகாது. அக்கொழுந்தைக் கிள்ளிய கைகளோ அப்போது நாடற்ற கைகள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டம் வாக்கையும் பறித்தது. கிராமத்துக்கு ஆஸ்பத்திரி கேட்கச் சபையில் ஒரு குரல் இருந்தது. தோட்டத்துக்குக் கேட்க இருந்த குரலின் கழுத்து நெரிக்கப்பட்டது.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு தோட்டத்து நோயாளிக்குச் சாத்தப்படவில்லை. தானாகப் போனவனுக்கு அங்கே மருந்து உண்டு. போவது எப்படி என்பதே கேள்வி. பத்து மைல் மலைப்பாதை, ஒரு நாட்பேர் நட்டம், புரியாத மொழி இவற்றையெல்லாம் கடந்தே அக்கதவை அடையலாம். மற்றப்படி தோட்டத்து டிஸ்பென்சரியே கதி. அங்கே டாக்டர் பட்டம் பெற்றவர் இல்லை. எல்லாரும் 'டாக்டர் ஐயா' என்று அழைத்த உதவி வைத்தியர் ஒருவர் இருப்பார். இவர்களுள் இரவு பகல் பாராது உழைத்த உத்தமர் பலர் இருந்தனர். பிள்ளைக்காம்பராவில் பால்மாவைத் தாமே நின்று கரைப்பித்தவர்களையும் அறிவோம். ஆயினும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். ஓய்வு வேண்டும் என்று அவர் எழுதும் ஒவ்வொரு துண்டும் தோட்டத்துக்கு ஒரு பேர் குறைவு. இரண்டு எசமானருக்கு ஒருவர் ஊழியஞ் செய்வது எக்காலத்திலும் கடினம்.

1971ஆம் ஆண்டில் அரசாங்கம் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மருந்து வீணாவதைத் தடுக்கவென்று அது வந்தது. 25 சதம் ஒரு பெருந்தொகையா என்று வசதியுள்ளோர் கேட்டனர். ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை சடுதியாகக் குறைந்தது, குறைந்தவர்கள் ஏழைகளே. 1977ஆம் ஆண்டில் அக்கட்டணம் நீங்கியது. சிறு கட்டணம் என்பது கொடுப்பவனைப் பொறுத்தே சிறியது.

அதற்கிடையில் 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் வந்தது. கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளித் தோட்டமாவது இருந்தது. லயத்துக்காரனுக்குக் கூப்பனும் கூலியும் தவிர ஒன்றுமில்லை. தோட்டங்களில் மரணம், விசேடமாகக் குழந்தை மரணம், மற்றெல்லாப் பகுதிகளிலும் மிஞ்சி உயர்ந்தது. பசியால் தோட்டத்தை விட்டுப் பட்டினங்களுக்கு வந்தவர்களைக் கண்டோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தம் 1964ஆம் ஆண்டில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டிருந்தது. அக்கணக்குப் பார்த்தே கழிந்த ஆண்டுகளில், யாருடைய பிரசை என்று தீராத குழந்தைக்கு யார் அம்மை குத்துவது என்பதும் தீராதிருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையான பின்னரே வேலி தளர்ந்தது. குடும்பச் சுகாதார மருத்துவச்சிகள் தோட்டங்களுக்குட் செல்லத் தொடங்கினர். மலசலகூடங்கள், தண்ணீர்க் குழாய்கள், பிள்ளைக்காம்பராக்கள் கட்டப்பட்டன. 1980களிலே தோட்டத்துக் குழந்தை மரணம் வேகமாக வீழ்ச்சியடைந்தது. 1916ஆம் ஆண்டில் மாத்தளை கற்பித்த பாடம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் மாத்தளைக்கே திரும்பி வந்தது எனலாம். குடியுரிமைப் பிரச்சினை பல சட்டங்களுக்குப் பின் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடே பெரும்பாலும் தீர்ந்தது.

1992ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது: டிஸ்பென்சரி யாருடையது? கம்பனி இலாபத்தைப் பார்க்கும். அரசாங்கம் கம்பனியைப் பார்க்கும். 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்று வந்துள்ளது. அவ்வேலை இன்னும் முடியவில்லை.

இலங்கையின் இலவச வைத்தியம் பெருமைக்குரியது என்பதில் எமக்கு ஐயமில்லை. 1963ஆம் ஆண்டில் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்து, பின் அசட்டையால் மீண்டும் இலட்சக்கணக்காகப் பெருகிய மலேரியாவை, 2016ஆம் ஆண்டில் முற்றாக ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் இதற்கு அத்தாட்சி அளித்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஆஸ்பத்திரி இலவசம், மருந்து வெளிக்கடையில் என்ற நிலை பலருக்கு ஏற்பட்டது. இத்தகைய காலங்களில் காப்புறுதி முறைக்கு மாறலாமே என்ற யோசனை எழுவது இயல்பு. சம்பளக்காரர் பலருக்கு அது உதவலாம். யோசனை சொல்வோர் தோட்டத்தின் நூற்றைம்பது ஆண்டு அனுபவத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். செக்றோலில் பெயர் உள்ளவரை மருந்து என்னும் ஏற்பாடு, பெயர் வெட்டப்பட்ட கிழவனுக்கும், கொழும்பிலே கடையில் நின்று உழைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பையனுக்கும் என்ன செய்தது என்பதை அங்கே கேட்டறியலாம். எமது அங்கத்தவர் வீடுகளிலேயே கேட்கலாம். பிரசவ வேதனையோடு கொழுந்து லொறியின் பின்புறத்தில் ஆஸ்பத்திரிக்குச் சென்ற தாய்மார் சிலர் இவ்வாண்டு மலரையும் வாங்கிப் படிப்பார்கள்.

அரசாங்கம் பொறுப்பேற்ற தோட்ட ஆஸ்பத்திரிகளில் வாசற் பலகை மாறியிருக்கின்றது. கட்டிடம் பெரும்பாலும் பழைய கட்டிடமே. மருந்துக்கு வரிசையில் நிற்பவரிடம் எந்த டிவிசன், செக்றோல் இலக்கம் என்ன என்று இப்போது கேட்பதில்லை. பெயரையும் வயதையும் மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.